நாற்பத்து மூன்று நாய்களும் ஒரு பினாயில் பாட்டிலும்

அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் அவளுடைய கணவரும் வங்கிக்காரர்களும்தான். மற்ற எல்லாருக்கும் அவள் பாம்பக்கா. அவளைவிட இருபது வயது மூத்தவர்கள்கூட வெட்கமே இல்லாமல் பாம்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இத்தனைக்கும் பாம்பு என்றால் அவளுக்குப் பயம். தரையில் கயிறு கிடந்தால்கூட ஒருதரம் நின்று பார்த்துவிட்டுத்தான் தாண்டுவாள். பாம்பை அவள் தொட்டதில்லை, தொடுகிற உத்தேசமும் இல்லை. அவளுடைய சகவாசமெல்லாம் நாய்களோடு. பாம்பு வாடை அடித்தால் திரும்பி வந்துவிடு என்று வீட்டு நாய்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் அவள். பயப்படுவதற்கு உன்னைவிட நல்ல வாத்தியார் கிடைக்கமாட்டார் என்று கணவர் கிண்டல் செய்வார். அவர் மினிபஸ் ஓட்டுகிறவர். நாள் முழுக்க யாரையாவது கிண்டல் செய்யாவிட்டால் அவருக்குப் பொழுது போகாது.

பிழைப்புக்கு அவள் பார்க்கும் வேலை வேறு. விலங்கு மருத்துவமனையில் பதினோரு வருஷமாக உதவியாளர். டாக்டரம்மா ஊசி போடும்போது நாயை அணைத்துப் பிடித்துக்கொள்வாள், புண் கழுவுவாள், கட்டுப் போடுவாள், கூண்டுகளைத் துடைப்பாள். மழைக்காலம் வந்துவிட்டால் பாம்பு கடித்த நாய்கள் வர ஆரம்பிக்கும். கடி பெரும்பாலும் மூக்கில்தான் இருக்கும். நாய்க்குக் கையா இருக்கிறது? எதைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றாலும் மூக்கைத்தான் நீட்டியாக வேண்டும். முகம் பூசணிக்காயாக வீங்கி, வாயில் நுரையோடு வரும் நாய்களில் பாதிதான் நடந்து வீட்டுக்குப் போகும்.

அப்படித்தான் அவளுடைய சொந்த நாயும் போனது. ஊரார் நாய்க்கெல்லாம் அவள் மருத்துவமனையில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், அவள் நாய் வீட்டுக் கொல்லையில் கிடந்து செத்திருந்தது. அந்தக் குற்ற உணர்ச்சி அவளை மாதக்கணக்கில் தின்றது. அழுது முடித்த பிறகு அவளுக்குக் கோபம் வந்தது. நாய்க்கு உட்காரச் சொல்லித்தருகிறோம், கை கொடுக்கச் சொல்லித்தருகிறோம், விருந்தாளிக்கு முன்னால் உருண்டு காட்டச் சொல்லித்தருகிறோம். உயிரைக் காப்பாற்றுகிற ஒரு விஷயத்தை மட்டும் ஏன் யாரும் சொல்லித்தருவதில்லை என்று டாக்டரம்மாவிடம் கேட்டாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. மருத்துவமனைக்குப் பின்னால் இருக்கும் காலி மைதானத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்துக்கொள் என்றார்.

கழுத்தில் மின்சாரப் பட்டை மாட்டி, பாம்பை முகரும்போது சுருக்கென்று அதிர்ச்சி கொடுத்துப் பழக்குகிறவர்கள் உண்டு. அவள் ஒருதரம் அதைப் பார்த்தாள். அந்த நாய் பாம்பிடமிருந்து விலகியதோ இல்லையோ, அன்று முதல் எஜமானரைக் கண்டாலே கட்டிலுக்கடியில் போய்ப் பதுங்கியது. அதனால் அவள் ஈரலை நம்பினாள். அவளுடைய பாடம் எளிமையானது. வீடுகளில் பாம்பு பிடித்துக் காட்டில் கொண்டுபோய் விடும் ஒருவர் இருக்கிறார். வனத்துறை அனுமதியோடு அவர் இரட்டைக் கம்பிவலைப் பெட்டியில் பாம்பைக் கொண்டுவந்து வைப்பார். நாய் பெட்டியை நெருங்கும். வாடை மூக்கில் ஏறிய அந்த நொடியில் எஜமானர் பின்னாலிருந்து கூப்பிட வேண்டும். நாய் திரும்பி ஓடி அவர் காலடிக்கு வந்தால் வேகவைத்த ஈரல் துண்டு கிடைக்கும். இப்படியே இருபது முப்பது தடவை. நாளடைவில் கூப்பிடாமலே, வாடை அடித்ததும் நாய் தானாகத் திரும்பிவிடும். அப்படித் திரும்பிவிட்டால் பாஸ்.

இரண்டு வருஷத்தில் நாற்பத்து மூன்று நாய்கள் பாஸ் ஆகின. பாம்பக்காவுக்கு உச்சி குளிர்ந்துபோயிருந்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் மட்டும், பாடம் முடிந்ததிலிருந்து தன் நாய் கூடம் துடைக்கும்போதெல்லாம் வீட்டைவிட்டே ஓடுகிறது என்று புகார் சொன்னார். துடைக்கிற வேலையைக் கண்டால் எங்கள் வீட்டு ஆம்பிளையும்தான் ஓடுகிறார் என்று சொல்லி அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பை நினைத்து நினைத்துப் பிற்பாடு அவள் கூசிப்போனது தனிக்கதை.

பாஸான நாய்களில் ஒன்று பட்டன். கடைத்தெருவுக்குப் பின்னால், புதர் மண்டிய நிலத்தை ஒட்டிய கடைசி வீட்டில் இருக்கும் தையல்காரரின் நாய். மனைவி போன பிறகு அந்த மனிதருக்குப் பேச்சுத்துணை பட்டன்தான். முன்னறையில் தையல் மிஷினுக்கு அடியில், பெடலை மிதிக்கும் காலுக்குப் பக்கத்திலேயே படுத்துக் கிடக்கும். சட்டை அளவெடுக்க வருகிறவர்களிடம், நம்ம பட்டன் முதல் நாளே பாஸ் என்று அவர் சொல்லாமல் விட்டதில்லை. கைமடிப்பு எத்தனை அங்குலம் என்று கேட்க மறந்தாலும் இதைச் சொல்ல மறக்கமாட்டார்.

அந்த மழைக்காலத்தில் ஒரு காலையில் பட்டனை ஒரு போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு அவர் மருத்துவமனைக்கு ஓடிவந்தார். கழுத்தில் இஞ்சு டேப் தொங்கிக்கொண்டிருந்தது. கொல்லையில் விரியன். பட்டன் நேரே போய் மூக்கை நீட்டியது என்று அவர் சொன்னதைக் கேட்டு பாம்பக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பின்வாங்கவே இல்லையா என்று கேட்டாள். இல்லை, வாலை ஆட்டிக்கொண்டே போனது என்றார். விஷமுறிவு மருந்து ஏறும்வரை அவள்தான் பட்டனைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பாம்பு பிடிப்பவர் அன்றே போய் அந்தக் கொல்லையைச் சல்லடை போட்டுத் தேடினார், பாம்பு கிடைக்கவில்லை.

தையல்காரர் அவளை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் அவளை அறுத்தது. பெஞ்சில் உட்கார்ந்து, தலையைக் குனிந்தபடி, தன் பிள்ளை பரீட்சையில் கோட்டைவிட்டதற்குத் தகப்பன் மன்னிப்புக் கேட்பதைப்போல அவர் சொன்னார்:

"நீ நல்லாத்தாம்மா சொல்லிக்குடுத்தே. இதுக்குத்தான் மறந்துபோச்சு. கொஞ்சம் மக்குதான் போல."

இரண்டாம் நாள் பட்டன் பிழைத்துக்கொண்டது. மூன்றாம் நாள் காலையில் பாம்பக்கா வழக்கம்போல வார்டைத் துடைக்கப் போனாள். வாளியில் பினாயில் ஊற்றி, துடைப்பானை முக்கிப் பிழிந்து, பட்டன் கிடந்த கூண்டுக்கு முன்னால் ஒரு இழுப்பு இழுத்தாள். எழுந்து நிற்கத் தெம்பில்லாத நாய், மூக்கை இரண்டு தரம் உறிஞ்சிவிட்டு, வயிற்றைத் தரையோடு தேய்த்தபடி பின்னாலேயே நகர்ந்து சுவரோடு போய் ஒண்டியது. பிறகு தலையைத் திருப்பி, ஈரல் எங்கே என்பதுபோல யாரையோ தேடியது.

அவள் துடைப்பானைக் கீழே போட்டாள். பின்வாங்கு, திரும்பு, ஆளைத் தேடு: அவள் முப்பது தடவை சொல்லிக்கொடுத்த பாடம் ஒரு அட்சரம் பிசகாமல் அப்படியே இருந்தது.

மருத்துவமனையில் வேலை செய்கிறவர்களுக்குச் சுத்தம் ஒரு வியாதி. ஒரு நாயின் சீக்கு இன்னொரு நாய்க்குத் தொற்றக்கூடாது என்று, ஒவ்வொரு நாய்க்கும் பாடம் தொடங்கும் முன் பாம்புப் பெட்டியின் வெளிப்புறத்தையும், பாம்பு உரித்த சட்டையைப் பழக்கத்துக்காக வைத்திருக்கும் ஜாடியையும், தன் கையுறையையும் அவள் பினாயில் தண்ணீரால் அழுந்தத் துடைப்பாள். வேறு யாராக இருந்தாலும் இந்தத் தப்பைச் செய்திருக்கமாட்டார்கள். சோம்பேறி ஒருவன் இந்த வேலையைச் செய்திருந்தால் நாற்பத்து மூன்று நாய்களும் ஒழுங்காகப் படித்திருக்கும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை பார்க்கிறவள் என்று பேர் வாங்கியதுதான் அவளைக் கவிழ்த்தது. பினாயில் வாடையில் அந்த நாய்கள் மருத்துவமனை வாசலில் பின்வாங்கியபோதும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மருத்துவமனைக்கு ஆசையாக நுழையும் நாய் எங்கே இருக்கிறது?

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும், இப்போது வளர்க்கும் குட்டை நாயை வைத்துப் பார்த்தாள். அதுவும் பாஸான நாய்தான். பினாயிலில் துடைத்த காலிச் செருப்புப் பெட்டியை வைத்தாள். நாய் பாய்ந்து பின்னால் வந்து ஈரலுக்கு வாயைப் பிளந்தது. பிறகு கணவரின் சாப்பாட்டு டப்பாவில் பாம்புச் சட்டையைப் போட்டு வைத்தாள். நாய் போய் நிதானமாக முகர்ந்து, ஒருதரம் நக்கியும் பார்த்தது. அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கணவர் முதலில் தன் டப்பாவைப் பற்றித்தான் கவலைப்பட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் பட்டனை வீட்டுக்குக் கொண்டுபோய் விடும் சாக்கில் அவள் தையல்காரரின் முன்னறைக்குப் போனாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு வாசலிலேயே தொலைந்துபோனது. நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் மிஷினை நிறுத்தவில்லை. ஒரு காலர் தைத்து முடிக்கும்வரை பெடல் ஓடிக்கொண்டே இருந்தது. திட்டப் போகிறார், திட்டட்டும் என்று அவள் காத்திருந்தாள். அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு நிமிர்ந்தார்.

"அப்ப பட்டன் மக்கு இல்லையா?"

"இல்லண்ணே. அது நல்லாத்தான் படிச்சுது. நான்தான் வேற பாடம் எடுத்துட்டேன்."

அவர் குனிந்து பட்டனின் காதைத் தடவினார். அந்த முகத்தில் நிம்மதி வந்தது. பிறகு அவர் சாதாரணமாகத்தான் கேட்டார்: "மத்தவங்களுக்குச் சொல்லிட்டியாம்மா?"

அவள் சொல்லவில்லை. சொல்லாமல் முடித்துவிடலாமா என்றுதான் ராத்திரி முழுக்க யோசித்திருந்தாள். அவள் வீடும் இவர் வீடும் போக நாற்பத்தோரு வீட்டில், நம் நாய்க்குப் பாம்பு தெரியும் என்று நிம்மதியாகக் கொல்லைக் கதவைத் திறந்து விட்டுக்கொண்டிருக்கிறார்கள். அது தெரிந்தும் அவளுக்கு வாய் வரவில்லை. பாம்பக்கா என்ற பேர் ஒரே நாளில் பினாயிலக்கா ஆகிவிடும். கணவர் ஒரு வழி சொன்னார். தப்பு கிப்பு என்று பேச்செடுக்காதே, இரண்டாம் பாடம் என்று சொல்லிக் கூப்பிடு, வந்ததும் சத்தமில்லாமல் சரியாகச் சொல்லிக்கொடுத்துவிடு. பொய்யும் இல்லை, பாதகமும் இல்லை. அவளுக்கு அது பிடித்துப்போயிற்று.

முதல் ஃபோன் தலைமையாசிரியைக்கு. அவர் சந்தோஷமாகப் பேசினார். எங்க பையன் கெட்டிக்காரன், இரண்டாம் பாடமெல்லாம் பின் பெஞ்சுக்காரர்களுக்கு, அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடு என்றார். அடுத்தது கறிக்கடைக்காரர். போன வாரம்கூடத் தண்ணீர்க் குழாயைப் பார்த்து ஒதுங்கிப் போனது, நீங்கள் சொல்லிக்கொடுத்தது மனசில் பசையாக ஒட்டியிருக்கிறது, ஏன் வீண் சிரமம் என்றார். மூன்றாவது ஆளும் நன்றி சொல்லி மறுத்துவிட்டார். அவள் ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒருத்தராவது அவளைச் சந்தேகப்பட்டிருந்தால் வந்திருப்பார்கள். அவள் மேல் வைத்த நம்பிக்கைதான் அவர்களை வரவிடாமல் தடுத்தது. அந்த நம்பிக்கையை அவளேதான் உடைத்தாக வேண்டும், வேறு வழியில்லை.

தலைமையாசிரியையைத் திரும்பக் கூப்பிட்டாள்.

"டீச்சர், நான் முதல்ல சொன்னது உண்மையில்ல. தப்பு என்னோடது. உங்க நாய்க்குப் பாம்பு தெரியாது. பினாயில்தான் தெரியும்."

அந்தப் பக்கத்திலிருந்து, "அப்ப கூடம் துடைக்கிறப்ப ஓடினது?" என்று கேள்வி வந்தது. அதேதான் என்றாள். அதைச் சுத்தம் பிடிக்காத சோம்பேறி என்று இத்தனை நாளாகத் திட்டிக்கொண்டிருக்கிறேனே என்று டீச்சர் அங்கலாய்த்தார். அன்றைக்கு என் பேச்சைக் கேட்டுச் சிரித்தாயே என்று அவளுக்கும் இரண்டு போட்டார். போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டார்.

எல்லாரும் டீச்சர் இல்லை. கட்டட மேஸ்திரி ஒருவர் வாய்க்கு வந்தபடி பேசினார். ஒரு அம்மாள் பாதியிலேயே ஃபோனை வைத்தார். நான்கு நாள் சாயங்காலம் உட்கார்ந்து ஒவ்வொருவரிடமும் அதே வாக்கியங்களைச் சொன்னாள். முதல் பத்துப் பேரிடம் குரல் நடுங்கியது, அப்புறம் நடுங்கவில்லை. கணவர் டீ போட்டுக் கொடுத்துவிட்டு, கிண்டல் எதுவும் செய்யாமல் பக்கத்திலேயே இருந்தார். அது அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். கடைசியில் முப்பத்தாறு பேர் திரும்ப வந்தார்கள்.

இந்தத் தடவை பினாயில் பாட்டில் மைதானத்துக்குள் நுழையவில்லை. பெட்டிகளை வெந்நீரில் கழுவி வெயிலில் காயவைத்தாள். ஒரே பெட்டி, ஒரே இடம் என்பதையும் விட்டாள். அவரவர் வீட்டிலிருந்து பழைய வாளி, சாக்கு, கூடை, உடைந்த தொட்டி என்று கொண்டுவரச் சொல்லி, பாம்புச் சட்டையைத் தினுசு தினுசாக ஒளித்தாள். சில பாத்திரங்களில் ஒன்றுமே இருக்காது. இன்னொரு விஷயத்தையும் டாக்டரம்மா சொல்லிக்கொடுத்தார்: பாம்பு எங்கே என்று உனக்குத் தெரிந்தால் நாய் உன் முகத்தைப் படித்துவிடும். அதனால் ஒளித்து வைக்கும் வேலையை முழுக்கப் பாம்பு பிடிப்பவரிடம் விட்டுவிட்டு, அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வாள். நாய்கள் மெதுவாகத்தான் படித்தன. முதல் நாளே பாஸ் என்ற பேச்சே இல்லை. பாஸ் என்ற வார்த்தையையே அவள் விட்டுவிட்டாள்.

பட்டன்தான் கவலையாக இருந்தது. மூக்கில் தழும்போடு தேறிவிட்டது, ஆனால் கொல்லைப்பக்கம் போகாது. மைதானத்தில் நன்றாகப் படித்தது. வீட்டுக்குப் போனால் மிஷினுக்கடியில் சுருண்டுகொள்ளும். மழை விட்டு இரண்டு மாதம் கழித்துத்தான் தையல்காரரின் கூடவே கொல்லைப் படியிறங்க ஆரம்பித்தது. சரி, அங்கேயே வைத்துப் பார்த்துவிடுவோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மூவரும் கூடினார்கள். பாம்பு பிடிப்பவர் முன்னதாகவே கொல்லையில் எங்கேயோ ஒரு சின்ன வலைப்பெட்டியைச் சருகு போட்டு மறைத்துவிட்டு வந்து நின்றார். எங்கே என்று மற்ற இருவருக்கும் தெரியாது.

கதவு திறந்தது. பட்டன் படியிறங்கியது. நாலு எட்டு வைத்தது. படிக்கு அடுத்தாற்போல வரிசையாக இருந்த பூந்தொட்டிகளுக்குப் பக்கத்தில் சட்டென்று நின்றது. மூக்கை மேலே தூக்கியது. உடனே திரும்பி, அவசரமாக ஏறிவந்து தையல்காரரின் காலை ஒட்டி நின்றுகொண்டது.

பாம்பக்கா ஈரல் பையில் கையை விட்டாள். பாம்பு பிடிப்பவரோ உதட்டைப் பிதுக்கினார். "அங்க இல்லீங்க. நான் வெச்சது அந்தக் கோடியில, துவைக்கிற கல்லுக்குப் பின்னால."

பையிலிருந்த கை அப்படியே நின்றது. இரண்டு மாத உழைப்பு கண் முன்னால் சரிந்தது. கதவைக் கண்டு பயந்ததோ, பூந்தொட்டியைக் கண்டு பயந்ததோ, மறுபடியும் எந்தப் பாழாய்ப்போன வாடையைப் பிடித்துக்கொண்டதோ. தையல்காரர், வாடா ராஜா, அந்தப் பக்கம் போய்ப் பார் என்று பட்டனை மெல்லத் தள்ளினார். பட்டன் நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு நகர மறுத்தது. இன்னொரு தள்ளு தள்ளியிருப்பார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வார்டில் சுவரோரம் ஒண்டிய நாய் அன்றைக்குப் பொய் சொல்லவில்லை, அதுவரை தனக்குத்தான் கேட்கத் தெரிந்திருக்கவில்லை என்ற நினைப்பு அவளுக்கு வந்தது.

"தள்ளாதீங்கண்ணே. முதல்ல அவர் அந்தத் தொட்டியைப் பாக்கட்டும்."

பாம்பு பிடிப்பவர் சிரித்துக்கொண்டே போனார். கொக்கியால் முதல் தொட்டியைச் சாய்த்தார். ஒன்றுமில்லை. இரண்டாவது தொட்டியைச் சாய்த்தபோது சிரிப்பு நின்றது. பின்னால் போங்கள் என்று கையைக் காட்டினார். தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில், விரல் தடிமனில், விரியன் குட்டி ஒன்று சுருண்டிருந்தது. பக்கத்துத் தொட்டிக்கு அடியில் இன்னும் இரண்டு. அன்றைக்குக் கடித்த பாம்பு வயிற்றில் குட்டியோடு இருந்திருக்கிறது, குட்டிக்கும் முழு விஷம் உண்டு என்று சொல்லியபடி ஒவ்வொன்றாகப் பைக்குள் எடுத்துப் போட்டார். அவர் குரலே மாறியிருந்தது.

பாம்பக்கா படியிலேயே உட்கார்ந்து, பட்டனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள், நடுவில் சிரிப்பும் வந்தது. பட்டனுக்கு அவள் அழுகையில் எந்த அக்கறையும் இல்லை, ஈரல் பையைத்தான் முட்டிக்கொண்டிருந்தது. பையை அப்படியே அதன் முன்னால் கவிழ்த்துவிட்டாள்.

தையல்காரர் மட்டும் நகராமல் நின்றார். வாசற்படியில் சாய்த்து வைத்திருந்த பூவாளியையும், தன் வெறுங்காலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தினம் இந்த நேரத்துக்குத்தாம்மா நான் தொட்டிக்குத் தண்ணி ஊத்துவேன்" என்றார். "அன்னிக்கு நீ வந்து தப்பைச் சொல்லாம விட்டிருந்தா, இந்நேரம் அங்க நான்தான் நின்னுட்டிருப்பேன்."